சினிமா விமர்சகர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? மும்பையில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே மாதத்தில் ஒரு ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கூடி, பார்த்த படங்களைப் பற்றிப் பேசுவோம். அதற்காகப் பதினோரு வருஷமாக நான் ஒரு நோட்டு எழுதி வருகிறேன். படத்தின் பெயர், எந்த விமர்சகர் என்ன சொன்னார், அதற்கு என்ன காரணம் சொன்னார், பார்த்த பிறகு எனக்கு என்ன தோன்றியது, இவ்வளவுதான் அதில் இருக்கும். தமிழ், இந்தி, மலையாளம், மராத்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்து ஆறாவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

விமர்சனம் எதற்கு? படம் பிடித்தால் பிடிக்கும், பிடிக்காவிட்டால் பிடிக்காது, அவ்வளவுதானே?

சென்னையில் இருப்பவர் அப்படிச் சொல்லலாம். அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்ப் படம் ஓடுகிறது, இந்தக் காட்சி இல்லையென்றால் அடுத்த காட்சி. டோம்பிவிலியில் இருக்கும் குடும்பம் ஒரு தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால், எந்த மல்டிபிளெக்ஸில் போட்டிருக்கிறான் என்று தேடி, பெரிய ஹீரோ படமாக இல்லாவிட்டால் ஒரே ஒரு காட்சிதான் இருக்கும், அதுவும் காலை ஒன்பது மணிக்கோ ராத்திரி பத்தரைக்கோ இருக்கும், ஞாயிறு என்றால் மெகா பிளாக் (தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்திவிடுவார்கள்), நாலு டிக்கெட், பிள்ளைகளுக்குப் பாப்கார்ன் என்று ஒரு மாத மளிகைச் செலவில் பாதி போய்விடும். அப்படிக் கிளம்புகிறவருக்கு முன்னாலேயே நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லதுதானே.

ஆனால் எனக்கு விமர்சனத்தின் பெரிய பயன் படம் பார்த்து வந்த பிறகுதான். நான் கவனிக்காத ஒன்றை இன்னொருவர் கவனித்திருப்பார். அதைப் படிக்கும்போது அந்தப் படத்தையே இன்னொரு தடவை பார்த்த மாதிரி இருக்கும்.

ஸ்டார், மார்க், சதவீதம்: எதை நம்புவது?

மூன்றும் மூன்று வேறு விஷயம். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டையே வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஸ்டார் என்பது ஒரு தனி ஆளின் தீர்ப்பு. 1928-ல் நியூயார்க்கின் டெய்லி நியூஸ் பத்திரிகை தொடங்கி வைத்த பழக்கம் இது. ஒருவரின் மூன்று ஸ்டாரும் இன்னொருவரின் மூன்று ஸ்டாரும் ஒன்றாகாது. சிலர் வாரத்துக்கு இரண்டு படத்துக்கு நாலு ஸ்டார் கொடுப்பார்கள், சிலரிடம் மூன்றரை வாங்குவதே பெரிய பாடு. அவர் இதற்கு முன் எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை.

ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் வேறு. பல விமர்சகர்கள் எழுதியதை ஒரே இடத்தில் தொகுக்கிற, 1998-ல் தொடங்கிய தளம் அது. அங்கே 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் படத்தை ஆதரித்தார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த ஒன்பது பேரும் ‘பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தாலும் 90 வந்துவிடும். இன்னொரு படத்தை ஆறு பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி, நாலு பேர் கடுமையாகத் திட்டியிருந்தால் அதற்கு 60 தான் வரும். எனக்கு என்னவோ அந்த 60 படத்தைப் பார்க்கத்தான் ஆசை வரும். பத்துப் பேரை இரண்டு கட்சியாகப் பிரிக்கிற அளவுக்கு அதில் ஏதோ இருக்கிறது. 60-க்குக் கீழே போனால் அழுகின தக்காளி என்று பச்சைக் கறை காட்டுவார்கள். 59-க்கும் 60-க்கும் நடுவே அப்படி என்ன மலையும் மடுவுமா இருக்கிறது?

விமர்சனங்களைத் தொகுக்கிற இன்னொரு தளமான மெட்டாகிரிட்டிக்கின் கணக்கு நமக்குப் பழகிய மார்க் மாதிரி. ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து, சராசரி போடுகிறார்கள். ஐஎம்டிபியிலும் புக் மை ஷோவிலும் நீங்கள் பார்க்கும் எண்ணோ விமர்சகர்கள் போட்டதே அல்ல, பார்வையாளர்கள் போடுவது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆனந்த விகடன் ஏன் அவ்வளவு கஞ்சத்தனமாக மார்க் போடுகிறது?

அதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நூற்றுக்கு நாற்பது என்றால் பார்க்கத் தகுந்த படம், ஐம்பதைத் தாண்டினால் விசேஷம் என்று படிக்கிறவர்களுக்கே பழகிப்போன அளவுகோல் அது. 1977-ல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5-ஐ இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் தாராவியிலும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எண்பது போட்டிருந்தால் அந்த அரை மார்க்கை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

எங்கள் அப்பா சயான் கோலிவாடாவிலிருந்து மாட்டுங்கா வரை நடந்து போய் விகடன் வாங்கி வருவார். விமர்சனப் பக்கத்தைத் திறந்ததும் மார்க்கின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வார். முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிப்பார். முடித்ததும் எங்கள் மூன்று பேரையும் பார்த்து, ‘எவ்வளவு போட்டிருப்பான், சொல்லுங்க’ என்பார். அண்ணன் 45 என்பான், நான் 42 என்பேன், அம்மா அடுக்களையிலிருந்து 39 என்பாள். அப்புறம்தான் விரலை எடுப்பார். பெரும்பாலும் அம்மாதான் கிட்டத்தில் வருவாள், ஏனென்றால் ‘பாடல்கள் கேட்கும்படி இருக்கின்றன’ என்று எழுதினால் அங்கே வேறு ஒன்றும் தேறவில்லை என்பது அவளுக்குத் தெரியும். விமர்சனம் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்தக் கட்டைவிரலிடம்தான். இப்போதும் போனில் படிக்கும்போது ஸ்டார் வரும் இடத்தைத் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

விமர்சகர்கள் திட்டிய படம் சக்கைப்போடு போடுகிறதே? அப்படியென்றால் அவர்கள் சொன்னது தப்புதானே?

நம் ஊரில் இதற்கு ‘ஷோலே’யை விடப் பெரிய உதாரணம் கிடையாது. 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தபோது பத்திரிகைகள் கடுமையாக எழுதின. அமெரிக்க கௌபாய் படங்களின் நகல், உயிரில்லை என்றெல்லாம் சொன்னார்கள். முதல் சில நாள் கூட்டமும் சுமார்தான். அப்புறம் ஜனங்கள் வாய்வழியாகப் பரப்பி, லாமிங்டன் ரோட்டில் இருந்த மினர்வா தியேட்டரில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

இந்தக் கதையை எல்லாரும் இங்கேயே நிறுத்திவிட்டு, ‘பார், விமர்சகன் தோற்றான்’ என்பார்கள். மிச்சத்தையும் கேளுங்கள். 2022-ல் சர்வதேச விமர்சகர்கள் கூட்டமைப்பான ஃபிப்ரெஸியின் இந்தியக் கிளை, இந்தியாவின் சிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தது. முதலிடம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, பத்தாவது இடம் ‘ஷோலே’. ஆக, திட்டியதும் விமர்சகர்கள், பட்டியலில் ஏற்றியதும் விமர்சகர்கள். நடுவில் நாற்பத்தேழு வருஷம், இரண்டு தலைமுறை. (அந்தப் பத்தில் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. அது எனக்கு இன்னும் மனசில் இருக்கிற வருத்தம்.)

‘பதேர் பாஞ்சாலி’க்கு மட்டும் என்ன, எல்லாரும் மாலை போட்டார்களா? 1958-ல் நியூயார்க்கில் வெளியானபோது நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி குரோதர், கட்டமைப்பு தளர்ந்திருக்கிறது, ஓட்டம் சோர்வாக இருக்கிறது, ஹாலிவுட் எடிட்டர்கள் இதை முதல் கட்டத் தொகுப்பாக ஏற்பதே கஷ்டம் என்ற ரீதியில் எழுதினார். அதே குரோதர் 1967-ல் ‘பானி அண்ட் கிளைடு’ படத்தையும் தாளித்தார். அந்தப் படத்தின் விமர்சகர்களில் எனக்குப் பிடித்த கதை வேறொருவருடையது. நியூஸ்வீக்கில் ஜோ மார்கன்ஸ்டர்ன் முதலில் படத்தைத் திட்டி எழுதினார். பிறகு திரும்பப் போய்ப் பார்த்தார். அடுத்த வாரமே, நான் சொன்னது தவறு என்று அதே பத்திரிகையில் எழுதினார். இப்படி ஒருவர் எழுதினால் அவர் அடுத்து எதைப் பாராட்டினாலும் நான் நம்புவேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2003-ல் ‘அன்பே சிவம்’ வந்தபோது நல்ல விதமாக எழுதினார்கள், தியேட்டரில் கூட்டம் இல்லை. இன்றைக்கு அதை டிவியில் போட்டால் சேனலை மாற்றாமல் உட்காருகிற வீடுகள் எத்தனையோ. வசூல் என்பது அந்த வாரத்தின் விஷயம், அதை முன்கூட்டியே சொல்வது விமர்சகரின் வேலை இல்லை. ‘படம் எப்படி ஓடும்’ என்று கேட்க வேண்டிய ஆள் விநியோகஸ்தர்.

விமர்சகர்களுக்கு மெதுவாகப் போகிற கலைப்படம் மட்டும்தான் பிடிக்குமாமே?

இல்லை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை உலக விமர்சகர்களிடம் வாக்கு எடுக்கிற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை சைட் அண்ட் சவுண்டின் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் முதலிடம் இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. 1962 முதல் 2002 வரை ‘சிட்டிசன் கேன்’ அசையவில்லை. 2012-ல் ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ வந்தது, அது பெரிய ஸ்டார்களை வைத்து எடுத்த ஹாலிவுட் திகில் படம், 1958-ல் வந்தபோது கலவையான வரவேற்புதான். 2022-ல் ஷாந்தால் அக்கெர்மன் 1975-ல் எடுத்த ‘ஜான் டீல்மான்’ முதலிடம் பிடித்தது, ஒரு பெண் இயக்குநரின் படம் அங்கே வந்தது அதுதான் முதல் முறை. ஒரு வீட்டுப் பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டுகிற படம். எங்கள் கூட்டத்தில் அதைப் போட்டபோது முதல் ஒரு மணி நேரம் நெளிந்துகொண்டிருந்த மாமி ஒருவர், உருளைக்கிழங்கு குழைந்துபோகும் காட்சியில், ‘ஐயோ, அவளுக்கு என்னமோ ஆயிடுத்து’ என்று முதல் ஆளாகச் சொன்னார். தினமும் சமைக்கிறவருக்குத்தான் அது உடனே தெரிகிறது.

படம் எடுக்கத் தெரியாதவன் எப்படிக் குறை சொல்லலாம்?

இந்தக் கேள்விக்கு மும்பையிலேயே பதில் இருக்கிறது. கே. ஏ. அப்பாஸ் இங்கே பாம்பே கிரானிக்கிள் பத்திரிகையில் படங்களை விமர்சித்தவர். பிறகு 1941-ல் ‘நயா சன்சார்’ கதையை எழுதினார், 1946-ல் ‘தர்த்தி கே லால்’ இயக்கினார், ராஜ் கபூரின் ‘ஆவாரா’வுக்கு எழுதினார், 1969-ல் அமிதாப் பச்சனைத் தன் படத்தில் அறிமுகப்படுத்தினார். பிரான்சில் த்ரூஃபோவும் கோதாரும் அப்படித்தான், முதலில் பேனா, பிறகு கேமரா. நம் கல்கியோ படம் எடுக்கப் போகவில்லை, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் எழுதினார். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து வந்த ‘நந்தனா’ரைப் பற்றி, மரமும் எருமையும் ஆடும்தான் அதில் நன்றாக நடித்திருக்கின்றன என்று எழுதியதை இன்னும் பேசுகிறோம். சுந்தராம்பாளின் குரலை உயிராக நேசித்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்பதையும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதே 1935-ல் பம்பாயில் பாபுராவ் பட்டேல் ‘ஃபிலிம் இந்தியா’ பத்திரிகையைத் தொடங்கினார். அவர் எழுத்தைக் கண்டு தயாரிப்பாளர்கள் நடுங்கினார்கள். ஆளைத் தாக்குகிற எழுத்து எனக்கு ஒப்பாது. சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனால் படத்தைப் பற்றி அதிலிருந்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது.

மும்பைப் பத்திரிகைகளில் தமிழ்ப் படத்துக்கு வரும் விமர்சனமும் சென்னையில் வருவதும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

பல காரணம். முதலில், இங்கே எழுதுகிறவர்களில் பலர் சப்டைட்டிலையோ இந்தி டப்பிங்கையோ நம்பித்தான் பார்க்கிறார்கள். ஒரு பாத்திரம் படம் முழுக்க ‘நீங்க’ என்று பேசிவிட்டு ஒரே ஒரு இடத்தில் ‘நீ’ என்கிறது என்று வையுங்கள். தமிழ் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற தியேட்டரே ஒரு வினாடி மூச்சை அடக்கும். ஆங்கில சப்டைட்டிலில் முன்னும் பின்னும் ஒரே சொல்தான் ஓடும். நெல்லைப் பேச்சும் கோவைப் பேச்சும் வடசென்னைப் பேச்சும் அங்கே ஒரே மாதிரி. யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரவில்லை என்பதில் ஒளிந்திருக்கும் சாதியும் தெரியாமல் போகும்.

இரண்டாவது, அவர்கள் நம்பியிருக்கும் அந்த இந்திப் பதிப்பும் இங்கே எல்லா இடத்திலும் வெளியாவதில்லை. தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவே எட்டு வாரம் இடைவெளி வேண்டும் என்பது பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் இந்திப் படங்களுக்கு வைக்கும் நிபந்தனை. தமிழ்த் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2023-ல் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு அந்தத் திரைகளில் வராமல் போனது இதனால்தான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்களிடம் ஒரு நல்லதும் இருக்கிறது. அந்த ஹீரோவின் ரசிகர் சண்டை எதுவும் இவர்கள் தலையில் ஏறியிருக்காது, படத்தைப் படமாக மட்டும் பார்க்கிறார்கள். தமிழ் தெரிந்த விமர்சகர் ஒருவர், தெரியாத விமர்சகர் ஒருவர் என்று இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். என் நோட்டில் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் அப்படி இரண்டு பத்தி இருக்கும்.

யூடியூபில் பேசுகிறவர்களும் விமர்சகர்கள்தானா?

சிலர், ஆமாம். பேப்பரா கேமராவா என்பது முக்கியமில்லை. காரணம் சொல்கிறாரா, படத்துக்குள் இருந்து உதாரணம் காட்டுகிறாரா, போன வருஷம் சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் ஒரு தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி ‘எப்படி இருக்கு ப்ரோ’ என்று கேட்பது விமர்சனம் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினாலும் நம் ஊர்ப் படங்களை ஆழமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறந்த விமர்சகருக்கான தேசிய விருதை 2005-ம் ஆண்டுக்குப் பெற்ற பரத்வாஜ் ரங்கனை நம் பிள்ளைகள் தயங்காமல் படிக்கலாம்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களாமே?

எல்லாரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். மோசமானதை நானே பார்த்திருக்கிறேன்: ஒரு தளத்தில் காலையில் இரண்டரை ஸ்டாரோடு இருந்த விமர்சனம் சாயங்காலம் ஒரு வார்த்தைகூட மாறாமல் மூன்றரை ஸ்டாரோடு இருந்தது. நோட்டில் எழுதி வைத்திருந்ததால்தான் கண்டுபிடித்தேன், அன்றோடு அந்தத் தளத்தைப் படிப்பதை விட்டேன். ஆனால் கூட்டத்தில் பலர் செய்கிற மாதிரி, தனக்குப் பிடித்த ஹீரோவின் படத்தைக் குறை சொன்னால் உடனே ‘காசு வாங்கிட்டான்’ என்பதும் தப்பு. படம் வெளியாகும் முன்பே எல்லாரும் ஒரே வார்த்தைகளில் புகழ்ந்தால் சந்தேகப்படுங்கள். காரணத்தோடு திட்டுகிறவரை ஏன் சந்தேகப்பட வேண்டும்?

முதல் மூன்று நாள் விமர்சனமே வரக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர்கள் தரப்பில் அப்படிக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது, விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்றது. கோடிக்கணக்கில் போட்டவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் முன்னூறு, நானூறு ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுக்கிறவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டுமா?

சென்சார் சர்டிபிகேட்டுக்கும் படத்தின் தரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

கிடையாது. யார் பார்க்கலாம் என்று மட்டும்தான் அது சொல்லும். பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற யுஏ-வை இப்போது 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அந்த எண்ணைக் கவனியுங்கள்.

என் பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவனுக்கு எப்படி?

படித்துக் காட்டுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். எங்கள் கூட்டத்தில் ஆரம்பத்தில் பதினைந்து நிமிஷம் ஒருவர் ஒரு தமிழ் விமர்சனத்தைச் சத்தமாக வாசிப்பார். இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்த முலுண்ட் பெண் ஒருத்தி, போன தீபாவளிக்குத் தானே எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் வாசித்தாள். ‘திரைக்கதை’ என்ற சொல்லில் தடுக்கி நின்றபோது நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை, அவளே தாண்டி வந்துவிட்டாள்.

நானும் விமர்சனம் எழுத ஆசைப்படுகிறேன், எங்கே கற்றுக்கொள்வது?

ரயிலில் மூன்று மணி நேரத்தில் புனே. அங்கே திரைப்படக் கல்லூரி நடத்தும் திரைப்பட ரசனைப் படிப்பு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கதையைச் சொல்லாமல், ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்ற சொற்கள் இல்லாமல் ஒரே ஒரு காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். யார் எங்கே நின்றார், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எப்போது இசை நின்றது என்று. இப்படிப் பத்துப் பக்கம் ஆனதும் எனக்குக் காட்டுங்கள், நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

உங்கள் நோட்டைக் கொடுப்பீர்களா?

கையில் கொடுக்க மாட்டேன், முதல் நோட்டு மழைக்காலத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய் நனைந்து வந்தது. கூட்டத்துக்கு வந்து பார்க்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி. ஹார்பர் லைனில் மெகா பிளாக் என்றால் மெயின் லைனில் குர்லா வந்து ஆட்டோ பிடித்துவிடுங்கள்.